நீர்ப்பரப்பின் மேல் ஒரு மூச்சு

நுழையும்முன்
ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள் வந்தவாசிப் பகுதி மக்கள். இன்று நீச்சல், நொடியின் நூற்றிலொரு பங்கையும் கணக்கிடும் போட்டியாக வளர்ந்துள்ளது. அப்போட்டிக்குப் பயிலும் வீரர்களின் மூச்சுக்குழாய் எதிர்கொள்ளும் இடரை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், 1994ஆம் ஆண்டு பள்ளிச் சிறுவராக இருந்தபோதே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். கடலில் நீந்துபவர் திறந்தவெளிக் காற்றை உள்ளிழுக்கிறார். கூரையிட்ட குளத்தில் நாள்தோறும் பயில்பவரோ, நீர்ப்பரப்பை ஒட்டித் தங்கும் காற்றையே உள்ளிழுக்கிறார். இவ்வேறுபாடு சிறிதன்று.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கடும்பயிற்சியின்போது அது 100 லிட்டரையும் கடக்கக்கூடும். மூக்கின் வழியே செல்லும் காற்று வடிகட்டப்பட்டு, வெதுவெதுப்பும் ஈரமும் பெறும். நீந்துபவரோ முகத்தைத் திருப்பும் நொடிப்பொழுதில் வாயால் மூச்சை இழுப்பதால் அக்காவல் குறைகிறது.

நோய்க்கிருமிகளை அழிக்கக் குளத்துநீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களுடன் வினைபுரிந்து குளோரமின்களை உண்டாக்குகிறது. அவற்றுள் டிரைகுளோரமின் எளிதில் காற்றில் கலக்கும். நாம் குளோரின் மணம் என எண்ணும் நெடி பெரும்பாலும் குளோரமின்களின் நெடியே. அது மூச்சுக்குழாயின் உட்சுவரை உறுத்துகிறது. இருமலும் நெஞ்சிறுக்கமும் தோன்றுகின்றன. சித்த மருத்துவம் இரைப்பு எனக் குறிக்கும் ஆஸ்துமா, உயர்நிலை நீச்சல் வீரர்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது.

எனினும், நீச்சலைப் பகையெனக் கருதுதல் பிழை. வெதுவெதுப்பான ஈரக்காற்று மூச்சுக்குழாயை உலரவிடாது. ஆதலால் ஆஸ்துமா உள்ள சிறார்க்கு மருத்துவர் நீச்சலைப் பரிந்துரைப்பதும் உண்டு. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமாவுடன் வாழ்ந்த அமெரிக்க வீராங்கனை ஏமி வான் டைக்கன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்.

காக்கும் வழிகள் எளியவை. குளத்தில் இறங்குமுன் சோப்பிட்டுக் குளித்தல், நீரில் சிறுநீர் கழியாமை, குளக்கூடத்தில் காற்றோட்டம் பேணல் ஆகியன குளோரமின் உருவாவதையும் தேங்குவதையும் குறைக்கும். மாணவரின் இரைப்பைச் சோம்பல் எனக் கடிந்துரைத்தல் தீங்காகும். அஞ்சி அதனை மறைப்பவர் உயிருக்கே ஊறு நேரலாம். நுரையீரல் செயல்திறன் சோதனை உண்மையைக் காட்டும். தான் கழுவிக்கொள்ளும் அழுக்கு பிறர் மூச்சையும் காக்கிறது என்பதை உணர்ந்தவரே நல்ல நீச்சல் வீரர்.

தெரிந்து தெளிவோம்
மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை உறிஞ்சியாகப் பயன்படுத்த, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வரம்புக்குட்பட்டு இசைவளிக்கிறது. 24 மணிநேரத்தில் 1600 மைக்ரோகிராம் என்பது அதன் மேல்வரம்பு.