இல்லாத குளத்தின் நீலம்

வீடு விற்கும் விளம்பரங்களில் இப்போது வீட்டுக்கும் முன்னே வந்து நிற்பது கிளப் ஹவுஸின் நீச்சல்குளம். கூரையின் கீழே, உயர்ந்த கண்ணாடி ஜன்னல்களுக்கு நடுவே, ஒருவர் காலும் படாத தண்ணீர் தகதகத்துக் கிடக்கும் அந்தச் சித்திரம், அஸ்திவாரத்துக்கு மண் தோண்டுமுன்பே கணினியில் பிறந்துவிடுகிறது. சுவரையும் சோபாவையும் தத்ரூபமாக ரெண்டர் செய்யும் கலைஞர்களையும் உள்ளரங்கக் குளம் திணற வைத்த காலம் உண்டு. ஏனெனில் அங்கே வெளிச்சம் தண்ணீரை இருமுறை கடந்தாக வேண்டும்.

முற்றத்து அண்டாத் தண்ணீரில் வெயில் பட்டு, தாழ்வாரத்து விட்டத்தில் நெளிநெளியாக ஆடுமே, அந்த ஜாலம் குளத்தின் தரையில் நிகழும்போது அதைக் காஸ்டிக்ஸ் என்கிறார்கள். ஜன்னல் வழி வந்த கிரணம் அலைகளில் வளைந்து, ஓரிடத்தில் குவிந்து ஓரிடத்தில் விலகி, டைல்ஸில் பட்டுச் சிதறி, மறுபடியும் அதே அலைகளினூடே வளைந்து நம் கண்ணை அடைய வேண்டும். கண்ணிலிருந்து பின்னோக்கிக் கிரணங்களைச் செலுத்தி விளக்கைத் தேடும் சாதாரண முறைக்கு இந்த வழி அகப்படுவது அபூர்வம். மணிக்கணக்கில் கணினி உழைத்த பிறகும் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளே இறைந்து கிடக்கும். ஒளியின் சஞ்சாரம் முழுவதும் ஒரே சமன்பாட்டில் அடங்கியது 1986-இல்; விளக்கிலிருந்தே ஒளித்துகள்களை எய்து, அவை விழுந்த இடங்களைக் குறித்துக்கொள்ளும் உபாயம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது; 1997-இல், ஒருமுறை கிட்டிய பாதையை விடாமல் பற்றி, அதைச் சிறிது சிறிதாக அசைத்து அண்டைப் பாதைகளைக் கண்டறியும் முறையை வெளியிட்டவர்கள், அதன் வல்லமைக்குச் சாட்சியாகக் காட்டிய படங்களுள் ஒன்று, அலைகளினூடே தெரியும் ஒரு சிறு குளத்தின் ஒளிவலையே.

நேர் கீழே நோக்கினால் தண்ணீர் பிரதிபலிப்பது நூற்றில் 2 பங்குதான். செங்குத்திலிருந்து 80 பாகை சாய்ந்து நோக்கினாலோ மூன்றில் ஒரு பங்கு. ஆகையால் காலடியில் தரையும் எதிர்க்கரையில் ஜன்னலின் பிரதிபிம்பமும் தெரியவேண்டும். இத்தகைய நியதிகளை இன்றைய மென்பொருள் பெரும்பாலும் தானே அனுசரித்துக்கொள்கிறது. நீலம் மாத்திரம் கலைஞரின் கைக்கு விடப்பட்டிருக்கிறது. என் கவலையெல்லாம் அதைப் பற்றியதே.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 2 மீட்டர் ஆழமுள்ள போட்டிக் குளத்தில் அடிவரை போய் மீளும் ஆழ்ந்த சிவப்புக் கிரணத்தில் ஏறத்தாழக் கால் பங்கே மிஞ்சும். 4 அடிக் குளத்திலோ கிட்டத்தட்டப் பாதி மிஞ்சிவிடும். வெள்ளை டைல்ஸ் பதித்த 4 அடிக் குளம் ஆகவே வெளிறித்தான் தெரியும். ஒளிவிலகலினால் அதன் தரையும் 3 அடியில் கிடப்பதாகவே தோன்றும். கண்ணோ ஆழத்தை நிறத்தைக்கொண்டும் ஊகிக்கிறது. கணினியில் நீலத்துக்கான ஓர் எண்ணைக் கூட்டினால் போதும், குழந்தைகள் நின்று விளையாடும் தொட்டி பெரியவர்கள் நீந்தித் திளைக்கும் மடுவாகிவிடுகிறது. அலையும் ஒளிவலையும் இவ்வளவு சரியாயிருக்கையில் அந்த ஒன்றை மட்டும் சந்தேகிக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

விளம்பரச் சித்திரம் ஆசையைத் தூண்டுவதற்கேயன்றி அளவு காட்டுவதற்கல்ல என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆசையின்மேல் ஒரு குடும்பம் இருபது வருஷக் கடன் வாங்குகிறது.

விளம்பரத்தில் கண்ட தவறான விவரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டமடைந்தவருக்கு ஈடு தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆழம் 6 அடி என்று அச்சிட்டிருந்தால் அதைக் காட்டி வழக்காடலாம். நீலத்தைக் காட்டி எப்படி வழக்காடுவது? குளத்தின் நீளமும் ஆழமும், டைல்ஸின் நிறமும், ஜன்னல் நோக்கும் திசையும், வெயிலை மறைக்கப்போகும் பக்கத்துக் கட்டடம் கணக்கில் சேர்க்கப்பட்டதா என்பதும் படத்தின் கீழேயே அச்சாகவேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றையும் கலைஞர் ஏற்கனவே முடிவுசெய்து கணினிக்குள் செலுத்தித்தான் படத்தையே வரைந்திருக்கிறார். அச்சிடுவதற்குத் தேவை ஒரு வரி இடம்.