வாசலில் செருகிய வேப்பிலை

முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குச் செல்லும் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. தாயின் தோளில் ஒரு குழந்தை துவண்டு கிடக்கிறது. கண்கள் சிவந்திருக்கின்றன, மூக்கு ஒழுகுகிறது, உடம்பு கொதிக்கிறது. "ஜுரமா?" என்று கேட்டால், "லேசாகத்தான்; மருந்து கொடுத்திருக்கிறேன். வராவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று பதில் வருகிறது. கேட்ட அம்மையாரும் இரக்கத்துடன் அக்குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே கையால் அடுத்தவர் மடியிலுள்ள கைக்குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறார். பிழை செய்ததாக ஒருவரும் நினைப்பதில்லை. அன்பினால் நடக்கும் இக்காரியத்தில் அடங்கியுள்ள தீங்கைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இது வீட்டு ஸ்திரீகளின் விஷயமென்றும், தேச காரியங்களில் ஈடுபட்ட ஆடவர் கவனிக்கத் தக்கதன்றென்றும் சிலர் கருதலாம். அவர்களுக்கு 1897-ம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறோம். 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவில் புனாவுக்கும் பரவிற்று. அந்நிய சர்க்கார், ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்களை வீடு வீடாக ஏவிற்று. நோயாளிகளைத் தேடுவதாகச் சொல்லி அவர்கள் பூஜையறைகளிலும் பெண்கள் இருந்த அறைகளிலும் நுழைந்தார்கள். ஜனங்களின் மனம் கொதித்தது. ஜூன் 22-ந் தேதி இரவு ராண்ட் சுடப்பட்டார். அவ்வருஷமே லோகமான்ய திலகர் ராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அதே வருஷம் மார்ச் 10-ந் தேதி, பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவந்த சாவித்திரிபாய் புலே அந்நோய் தொற்றி உயிர் நீத்தார்.

தொத்து நோய் வந்தபொழுது பலாத்காரம் செய்த வழி ஒன்று. தாமே முன்வந்து பிறர் துன்பத்தைச் சுமந்த வழி மற்றொன்று. முதல் வழியை நாம் எதிர்த்தோம். எதிர்த்தவர்கள் இரண்டாவது வழியைக் கைக்கொள்ளக் கடமைப்பட்டவர்களல்லவா? ஏவுவோரின்றித் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஜனங்களுக்கே சுயராஜ்யம் என்ற சொல் பொருந்தும்.

இக்கட்டுப்பாடு நமக்குப் புதியதுமன்று. நம் முன்னோர் கிருமிகளைக் கண்டாரில்லை. ஆயினும் அம்மை வார்த்த வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைக் கண்டவர் திண்ணையோடு திரும்பினர். அவ்வீட்டாரும் தலைக்குத் தண்ணீர் விடும் வரையில் விசேஷங்களுக்குப் போவதில்லை. வரவில்லையே என்று எவரும் குறை கூறியதுமில்லை. வைத்தியரிடம் போகாதிருந்த மூடத்தனமும் இவ்வழக்கத்தோடு சில இடங்களில் கலந்திருந்தது உண்மை. அதை விட்டொழிக்க வேண்டியதே. ஆனால், "எம் வீட்டில் நோய் இருக்கிறது, உங்கள் குழந்தைகளைக் காத்துக்கொள்ளுங்கள்" என்று வாய் திறவாமல் ஊராருக்கு அறிவித்த அந்த மரியாதை விலைமதிப்பற்றது. இந்தியாவில் 1975-லும், உலகில் 1977-லும் இயற்கையாய்ப் பரவிய வைசூரி கடைசியாகக் காணப்பட்டது. 1980-ல் அது அடியோடு ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. தடுப்பூசியும், நோயாளியைத் தனித்து வைத்ததுமே அவ்வெற்றிக்குக் காரணம். வைசூரியின் அச்சம் நீங்கியது நன்றே. அச்சத்தோடு மரியாதையும் நீங்கியதுதான் வருந்தத்தக்கது.

மற்றக் குழந்தை நோய்கள் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தட்டம்மை கண்ட குழந்தை இருமிச் சென்ற அறையின் காற்றில் அக்கிருமி இரண்டு மணி நேரம் வரை உயிரோடிருக்கும். காப்பில்லாதவர் பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேர் வரை அதற்கு இரையாகலாம். உடம்பில் தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து தோன்றிய பின் 4 நாள் வரை அது தொற்றும். நம் நாட்டில் அதற்குரிய முதல் தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. ஆகவே அதற்கு முந்திய வயதுடைய சிசுவுக்கு நம்முடைய ஒழுக்கமே பெரிய காவல். கக்குவான் இருமல் பெரிய பிள்ளைக்குத் தொல்லை. சில வாரக் குழந்தைக்கோ மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. ருபெல்லா என்னும் அம்மை பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் மெல்லிய ஜுரத்தோடு போய்விடும். ஆனால் காப்பில்லாத கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் அது தொற்றினால், பிறக்கும் சிசுவின் கண்ணும் காதும் இருதயமும் கெடலாம். 1941-ல் ஆஸ்திரேலியக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் இவ்வுண்மையைக் கண்டு வெளியிட்டார். சீமந்தப் பந்தலுக்குத் தடிப்போடு வரும் குழந்தையை நினைக்கும்பொழுது நம் மனம் நடுங்குகிறது.

சட்டம் இல்லாமலில்லை. உயிருக்கு அபாயமான நோயைக் கவனக்குறைவால் பரப்புவது 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்வாறே. தொத்து நோயுள்ளவர் அனுமதியின்றி ரயில் வண்டியில் ஏறலாகாது என்று 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் கூறுகிறது. ஆனால் இருமுகிற குழந்தைக்காக எவர் போலீஸாரை அழைப்பார்? அழைக்கவும் வேண்டாம். சட்டம் செய்ய முடியாததை ஒழுக்கம் செய்ய வேண்டும்.

அவ்வொழுக்கம் எத்தகையது? ஜுரம் கண்ட குழந்தையை, மருந்தின் உதவியின்றி ஒரு நாள் முழுதும் ஜுரம் தணிந்திருக்கும் வரை பள்ளிக்கும் கூட்டத்துக்கும் அனுப்பலாகாது. ஜுர மருந்து சூட்டைத் தணிக்குமேயன்றித் தொற்றுவதை நிறுத்தாது. வாந்தியும் பேதியும் நின்ற பின் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். சின்னம்மையில் கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும் வரையிலும், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வரையிலும் வீட்டிலிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முடியாது. போகும்பொழுது விவரமறிந்த வயதுப் பிள்ளைக்கு முகக்கவசம் அணிவித்து, வாசலிலேயே "உடம்பில் தடிப்பு இருக்கிறது" என்று சொல்லி, மற்றக் குழந்தைகளிடமிருந்து விலகி அமர வேண்டும்.

மற்றொரு பக்கமும் உண்டு. இழுப்பும் வலிப்பும் புற்றுநோயும் தொற்றுவனவல்ல. அந்நோயுள்ள குழந்தையைக் கண்டு ஒதுங்குவது எச்சரிக்கையன்று, கொடுமை. தொத்து நோய் கண்ட குழந்தையையும் தாயையும் நாலு பேர் முன் இகழ்வதும் அத்தகையதே. தாயைக் குறை சொல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஒரு நாள் வராவிட்டால் கூலியில்லை என்றிருக்கும் ஸ்திரீ, ஜுரக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள்? ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிக்கூடம், ஜுரத்தோடு வரும்படியல்லவா பிள்ளைகளைத் தூண்டுகிறது? வராதவரின் பெயரை மொய்க் கணக்கிலே தேடிப் பகை பாராட்டும் உறவினர் தாயைக் காட்டிலும் அதிகக் குற்றவாளிகள். தொழில் நடத்துவோர் குழந்தையின் நோய்க்காகச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு தொழிற்சங்கத்தாருடையது.

பொதுக்கூட்ட மேடைகளில் முழங்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை நோயுற்ற நாளில் வீட்டிலிருப்பது மனைவியின் கடமை மட்டுமன்று. அவள் இரவெல்லாம் விழித்திருந்தால், பகலில் கூட்டத்தை விட்டு நீங்கள் வீட்டிலிருங்கள். ஒரு தீர்மானம் நீங்கள் இல்லாமலும் நிறைவேறும். அதனால் தேசம் நஷ்டமடையாது.

அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் வரும்பொழுது, "குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை" என்று கைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவே இக்காலத்து வேப்பிலை. அதைக் கேட்கும் வீட்டார், "நல்ல காரியம் செய்தீர்கள், சுகமான பின் நாங்களே வந்து பார்க்கிறோம்" என்று மனமார விடை கூற வேண்டும். இவ்விரண்டு வாக்கியங்களும் நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டால், எங்கோ ஒரு தொட்டிலில் பெயர் வைக்கப்படாத ஒரு சிசு பிழைத்திருக்கும்.