புகைபோக்கிக்கு எதிரிலும் கரண்ட் போகும்

நெட்டுக்குப்பத்து முகத்துவாரத்தில் நின்றால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கழிமுகத்துச் சேற்றிலேயே உயர் அழுத்தக் கோபுரங்கள் காலூன்றி நிற்கின்றன. ஆனால் குப்பத்து வீட்டு பல்புக்கு அங்கிருந்து நேர்வழி கிடையாது. அங்கே பிறக்கும் மின்சாரம் 230, 400 கிலோவோல்ட்டுக்கு ஏறி, மின்கட்டமைப்பில் கலந்து, துணைமின் நிலையம் துணைமின் நிலையமாக இறங்கித்தான் தெரு டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. புகை பக்கத்தில், கரண்ட் சுற்றுவழியில்!

டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனால் சில தெருக்கள் இருளும். லைன்மேன் வந்து போட்டுவிட்டுப் போவார். 2024 செப்டம்பர் 12 இரவு கோளாறு ஏற்பட்டது மணலி துணைமின் நிலையத்தில். சென்னையின் பல பகுதிகள் இருளில் மூழ்கின.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ரேகா ஆல்பர்ட், ஹாவூங் ஜியோங், பரபாசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். இணையம் போன்ற வலைகளில் பெரும்பாலான கணுக்களுக்குச் சில இணைப்புகளே. ஒருசில கணுக்களுக்கு ஏராளம். கண்ணை மூடிக்கொண்டு நூற்றில் ஐந்து கணுக்களை நீக்கினாலும் மற்றவற்றுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. அதே ஐந்தை, இணைப்பு மிகுந்தவையாகப் பார்த்து நீக்கினால் தூரம் இரட்டிப்பாகிறது.

மின்சாரத்துக்கு இந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். கம்பியில் ஓடுவது பாரம். ஒரு லைன் துண்டானால் அதன் பாரம் நொடியில் மற்ற லைன்கள் மேல் விழும். 2012 ஜூலை 30 அதிகாலையில் அதுதான் நடந்தது. பல லைன்கள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த நிலையில், பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் பாரம் ஏறியது. எங்கும் பழுதில்லை, கூடுதல் பாரத்தையே பழுதென்று எடுத்துக்கொண்டு காப்பு ரிலே லைனைத் துண்டித்தது. காவல்காரனே கதவடைத்த கதை. வட இந்தியா இருண்டது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதிகளில் மின்சாரம் இல்லை.

தமிழ்நாடு தப்பியது திறமையால் அல்ல. தென்னகக் கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்து ஓடவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக அது இணைந்தது 2013 டிசம்பர் 31இல்தான். இப்போது பற்றாக்குறை வந்தால் வடக்கிலிருந்து கூடுதலாக வாங்கலாம். அங்கே சரிந்தால் அந்த அதிர்வும் இங்கே வரும். எனக்கு இது நல்ல பேரமாகவே படுகிறது.

ஆனால் வெட்டிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். கட்டமைப்பு சரியும்போது ஒரு மின்நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் தனித் தீவாகப் பிரித்துவிடுவார்கள். பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களான பீடர்களில் உற்பத்திக்கு மிஞ்சியவற்றை நொடிகளுக்குள் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடித்து வைக்க முடிந்தால்தான் அந்தத் தீவு நிற்கும். எந்த பீடரைக் கழற்றுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ரிலேயில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.