தூண் வேண்டாம், ஹால் போதும்

(போர் நினைவிடங்கள் – தொடர் 7)

நியூசிலாந்தின் உள்நாட்டுச் சாலைகளில் காரில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டடம் பழக்கமானதுதான். தகரக் கூரை, சின்ன முகப்பு, வண்டி நிறுத்த ஒரு சரளைத் திடல். வேலிக்கு அப்பால் ஆடுகள். அக்கம்பக்கத்தில் கடை கண்ணி எதுவும் இருக்காது. முகப்பின் நெற்றியில் ஊர்ப் பெயர். அதையடுத்து ‘வார் மெமோரியல் ஹால்’ என்ற எழுத்துகள். உள்ளே பாட்மிண்டன் கோடுகள் தரையில் தெரியும். போருக்கும் பாட்மிண்டனுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியை அந்த நாடு முப்பது வருஷம் போட்டுப் புரட்டியிருக்கிறது.

முதல் உலகப் போர் தொடங்கியபோது நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 11 லட்சம். அதில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கடல் தாண்டிப் போனார்கள். சுமார் 18,000 பேர் திரும்பவில்லை. பிணங்களும் வரவில்லை. கலிப்போலியிலும் பிரான்ஸிலும் விழுந்தவர்களை அங்கேயே புதைப்பது என்பது பிரிட்டிஷ் பேரரசின் முடிவு. பிரான்ஸ் மண்ணிலிருந்து பெயர் தெரியாத ஒரு வீரரின் எச்சம் வெலிங்டனுக்கு வந்து சேர்ந்ததே 2004-இல்தான்.

கல்லறையைப் பார்க்கக் கப்பலில் மாதக்கணக்கில் போய்வர எத்தனை பண்ணைக் குடும்பங்களால் முடியும்? ஆகவே ஊர் நடுவே ஒரு கல் தேவைப்பட்டது. தூண்களும் சிப்பாய்ச் சிலைகளுமாக 500-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் நாடெங்கும் எழுந்தன. பல சிலைகள் இத்தாலியில் செதுக்கப்பட்டு, பளிங்காகக் கப்பலேறி வந்தவை. கையாபோய் ஊரில் 1922-இல் திறக்கப்பட்ட, உள்ளூர்ச் சிற்பி வில்லியம் டிரெத்தவி செய்த சிப்பாய் ஒரு விதிவிலக்கு.

கல்லுக்குப் போடும் காசில் ஒரு ஹாலோ நூலகமோ கட்டலாமே என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. செத்தவர்கள் பெயருக்குக் கீழே சீட்டாட்டமும் நடனமுமா? இருபது வருஷத்தில் கூரை ஒழுகும், கட்டடத்தோடு பெயரும் போகும் என்றார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஹால்கள் வந்தன என்றாலும், வாதத்தில் வென்றது கல்தான்.

இரண்டாம் போரில் கிட்டத்தட்ட 12,000 பேர் இறந்தார்கள். இந்த முறை காற்று மாறியிருந்தது. முந்தைய கல் எல்லாப் போர்களுக்கும் முடிவு கட்டும் போருக்காக நட்டது. அதன் அருகே இன்னொன்றை நடுவதா? பல ஊர்கள் பழைய தூணிலேயே இடம் பார்த்துப் புதுப் பெயர்களைப் பொறித்துக்கொண்டன. நினைவுச் சின்னம் என்றால் அது உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

பேச்சைத் திட்டமாக்கியவர் உள்துறைச் செயலர் ஜோ ஹீனன். குதிரைப் பந்தயத்திலும் இலக்கியத்திலும் ஒரே அளவு பித்துக்கொண்ட விசித்திர அதிகாரி. அவர் முன்னால் ஒரு மாதிரியும் இருந்தது. 1938-இல் ஃபீல்டிங் என்ற சிற்றூரில் கிராஃபோர்ட் சோமர்செட், குவென் சோமர்செட் என்ற ஆசிரியத் தம்பதி ஒரு சமூக மையத்தைத் தொடங்கி நடத்திவந்தார்கள். வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்குப் படிப்பு, நாடகம், குழந்தை வளர்ப்பு என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1946-இல் லேபர் அரசு அறிவித்தது: போர் நினைவாகச் சமூக மையம் கட்ட ஊர் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு போடும். வெறும் தூணுக்கு இந்தச் சலுகை கிடையாது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஹால்கள் இப்படி அனுமதி பெற்றன.

கேட்க அழகாக இருக்கும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. காசுள்ள ஊருக்குத்தான் அரசுக் காசும் போகும். ஆட்டுப் பண்ணைகள் செழித்த பகுதிகளுக்கு இது கொண்டாட்டம். கொரியப் போர் வந்து 1950-51-இல் கம்பளி விலை மும்மடங்காக ஏறியபோது அங்கெல்லாம் நன்கொடைக்குக் கை தாராளமாக நீண்டது. ஒரு போரின் நினைவுக்கு இன்னொரு போர் படியளந்தது என்பதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பண்ணைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு ஆடு, ஒரு மாடு என்று கொடுத்து ஏலம் விட்டார்கள். ‘ராணி’ போட்டிகள் நடந்தன: கோஷ்டிக்கொரு பெண்ணை நிறுத்தி, அதிகப் பணம் திரட்டிய கோஷ்டியின் பெண்ணுக்கு முடிசூட்டுவார்கள். காசு சேர்ந்த பிறகும் சிமெண்டும் மரமும் எளிதில் கிடைக்கவில்லை. போருக்குப் பிந்தைய கட்டுப்பாட்டில் வீடுகளுக்குத்தான் முன்னுரிமை. கட்டட வேலையில் பெரும்பங்கை ஊர்க்காரர்களே சனிக்கிழமைகளில் கூடிச் செய்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் மரப்பலகையில் பொன்னெழுத்துப் பெயர்கள். சின்ன ஊர்களில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். அதைத் தாண்டினால் மேடை. பக்கவாட்டில் சாப்பாட்டு அறை. அதற்கும் சமையலறைக்கும் நடுவே தட்டுகளை நீட்ட ஒரு சாளரம். கட்டடத்தின் உயிர் தரையில்தான். நடனத்துக்கு முதல்நாள் மெழுகைச் சீவித் தூவி, கோணிச் சாக்கில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுப்பார்கள். தரை வழுக்கும், பிள்ளைகளுக்கும் குஷி. ஒவ்வொரு பெண்ணும் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வரவேண்டும். மது கூடாது, ஹாலுக்குப் பக்கத்தில்கூட வைத்துக் குடிக்கக் கூடாது என்று 1939 முதல் சட்டம். ஆண்கள் இருட்டில் நின்ற கார்களை நோக்கி ஏன் அடிக்கடி நடந்தார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

மாவோரி மக்களுக்குக் கல்லா, கட்டடமா என்ற சண்டையே எழவில்லை. முன்னோரைக் கட்டடத்தின் உடம்பாகவே செதுக்கி வைப்பது அவர்கள் மரபு. 1943 மார்ச்சில் துனிசியாவில் விழுந்த இளம் அதிகாரி மோவானா நுயி ஆ கிவா ங்காரிமுவுக்கு அறிவிக்கப்பட்ட விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கம், அதே ஆண்டு அக்டோபரில் ருவாட்டோரியாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பெற்றோரிடம் தரப்பட்டது. அதே ஊரில், மாவோரித் தலைவர் அபிரானா ங்காட்டாவின் முன்முயற்சியில், இரு போர்களிலும் மாண்ட ங்காட்டி போரோவ் குலத்தாருக்காக உவேபோஹாட்டு மண்டபம் எழுந்தது. சிற்ப வேலைக்குப் பெயர்பெற்ற பினே டையாப்பா அதில் உளி பிடித்தார்.

பாட்டும் கூத்தும் பெயர்களை மறக்கடிக்கும் என்று 1920-களில் எச்சரித்தவர்கள் முழுக்கத் தவறவில்லை. நாளடைவில் பேச்சில் ‘போர் நினைவு’ உதிர்ந்து, வெறும் ‘ஹால்’ என்றாகிவிட்டது. போரில் மாண்டவர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25, அன்சாக் தினத்தன்று மட்டும் பலகைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். அதே சமயம், அவர்கள் நினைத்தபடி நடனம் பெயர்களை விழுங்கவில்லை, நடனமே போய்விட்டது. 1960-இல் டெலிவிஷன் வந்தது. 1967 முதல் மாலை ஆறு மணிக்கு மேலும் மதுக்கடை திறந்திருந்தது. 1984-க்குப் பிறகு விவசாய மானியங்கள் ரத்தாகிப் பண்ணைகள் சுருங்கின. 1988-இல் 432 தபால் நிலையங்கள் அடைத்துச் சாத்தப்பட்டன. பள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்தன. எல்லாம் போனபின் பல ஊர்களில் மிஞ்சிய பொதுக் கட்டடம் ஹால் ஒன்றுதான். 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் சாலைகளைத் துண்டித்தபோது, நாட்டுப்புற ஹால்கள் பலவற்றில் மெத்தைகளும் சமையல் பாத்திரங்களும் இறங்கின.

இப்போது ஆபத்து நிலத்துக்கு அடியிலிருந்து. 2011 கிரைஸ்ட்சர்ச் பூகம்பத்தில் 185 பேர் இறந்ததை அடுத்து இயற்றப்பட்டு, 2017-இல் அமலுக்கு வந்த சட்டம், புதிய கட்டடத்துக்குரிய வலுவில் 34 விழுக்காட்டைத் தொடாதவற்றைப் பூகம்ப அபாயக் கட்டடங்கள் என்று வகைப்படுத்தியது. 1950-களில் ஊர்க்காரர்கள் கைப்படக் கட்டிய சுவர்கள் இந்தக் கணக்கில் தேறுவது எளிதல்ல. பலப்படுத்த ஆகும் செலவு, சில ஊர்களில் கட்டடத்தின் விலையையே தாண்டுகிறது. இடித்துவிட்டுப் பெயர்ப் பலகையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தால், அதை எங்கே மாட்டுவது என்பதில் ஊர்க்கூட்டம் முட்டிக்கொள்கிறது. பழைய தூண் இன்னும் நிற்கும் ஊர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

(தொடரும்)