வேண்டாத சுரப்பியும் முப்பது வயது ஆய்வாளரும்

நம் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். 1960 வரை இதற்கு என்ன வேலை என்று மருத்துவ உலகுக்குத் தெரியாது. வளர்ந்த எலிகளிடமிருந்து வெட்டி எடுத்தபோதும் அவை நலமாகவே இருந்தன. பிறகு யார் அதைப் பொருட்படுத்துவார்கள்?

ஜாக் மில்லரும் அதன் வேலையைத் தேடிப் போனவரல்லர். 1931இல் பிரான்சில் பிறந்து, சிட்னியில் மருத்துவம் படித்து, 1958இல் முனைவர் பட்ட ஆய்வுக்காக லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். எலிகளுக்கு வைரஸால் வரும் ரத்தப் புற்றுநோய்தான் தலைப்பு. ஊருக்கு வெளியே, பழைய குதிரை லாயத்தில் எலிகளை வளர்த்தார்.

அந்த நோய் தைமஸில்தான் தொடங்கும். வைரஸோ, அப்போதுதான் பிறந்த குட்டிகளுக்கு ஏற்றினால்தான் பற்றும். தைமஸ் இல்லாத உடலில் அது பெருகுமா என்று பார்க்க, பிறந்த கையோடு சுரப்பியை எடுத்தாக வேண்டும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத குட்டிகளுக்கு அறுவை செய்தார்.

பால் மறக்கும்வரை அவை நன்றாக வளர்ந்தன. பிறகு பல மெலிந்து இறந்தன, வைரஸ் ஏற்றாதவையும்தான். லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அயல் எலியின் தோலை ஒட்டினால் உடல் அதைத் தள்ளிவிட வேண்டும். இவற்றின்மேல் அது நிலைத்து, முடியும் வளர்ந்தது. ஆக, எதிர்ப்பு அணுக்களைத் தயார்ப்படுத்தும் இடமே தைமஸ். வளர்ந்த எலிகள் பிழைத்ததற்குக் காரணம், அதற்குள் தேவையான அணுக்களைச் சுரப்பி அனுப்பி முடித்திருந்ததுதான்.

1961 செப்டம்பரில் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. உடனே யாரும் கொண்டாடிவிடவில்லை. லாயத்தின் அசுத்தத்தால் எலிகள் நோயுற்றிருக்கும் என்றார்கள். அந்தச் சந்தேகத்தைக் குறைசொல்ல முடியாது. மில்லர் அமெரிக்கா சென்று கிருமியற்ற சூழலில் சோதனையைத் திரும்பச் செய்தார்: எலிகள் மெலியவில்லை; ஆனால் அயல் தோலை அப்போதும் தள்ளவில்லை. நோபல் பெற்ற பீட்டர் மெடாவர்கூட, தைமஸில் லிம்போசைட்கள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல் என்றே 1963இல் கருதினார்.

பின்னர் மெல்பர்னில், தன் மாணவர் கிரஹாம் மிட்செலுடன் சேர்ந்து, லிம்போசைட்களில் டி (தைமஸில் தயாராபவை), பி என இரு வகை உண்டு என்று மில்லர் நிறுவினார். எச்ஐவி அழிப்பது டி அணுக்களின் ஒரு பிரிவை. ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் மாற்றியமைக்கப்படுவதும் டி அணுக்களே.

நோயெதிர்ப்பு ஆய்வாளர் மேக்ஸ் கூப்பருடன் 2019இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது பெற்ற மில்லருக்கு நோபல் கிடைக்கவில்லை. நோபல் குழு தவறவிட்ட பெயர்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.