எந்தக் காட்டை முதலிற் காப்பது?

காடுகளைக் காக்கவேண்டுமென்று மேடையேறிச் சொல்லாதார் இன்று இல்லை. ஆனால் பணமும் ஆளும் குறைவாயிருக்கையில் எந்தக் காட்டை முதலிற் காப்பது என்று கேட்டால் விடை சொல்வோர் அரியர். விடைக்காக நேயர்கள் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. 1955-ல் நமது நகரத்தில் ஸ்தாபிக்கப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் அதைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறது.

மேற்கு மலைத் தொடருக்கே உரியவையாய், உலகில் வேறெங்கும் தாமாக முளையாத மரங்கள் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்பதை அந்நிலையத்து ரமேஷ், பஸ்கால் என்னும் இருவரும் இனம் இனமாய்க் குறித்து 1997-ல் படத் தொகுதியாக வெளியிட்டனர். வடக்கிலிருந்து தெற்கே வரவர இத்தகைய மரங்கள் பெருகுகின்றன. பெய்யும் மழையின் அளவு மாத்திரம் இதற்குக் காரணமன்று. வடபகுதியில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் வறட்சி. தென்கோடியிலோ இரண்டு மூன்று மாதமே. ஆதலின் பொதிகை எனும் அகஸ்தியமலைப் பிரதேசம் முன்வரிசையில் நிற்கிறது.

வெறும் பசுமையே அளவுகோலாயின் தேயிலைத் தோட்டமும் காடாகிவிடும்! நியாயஸ்தலத்தில் தடையுத்தரவு கோருவோன், தனக்கு நேரும் நஷ்டம் பணத்தால் ஈடுசெய்ய முடியாதது என்று காட்டவேண்டும். ஓரிடத்துக்கே உரிய மரத்தின் வழக்கும் அதுவே. அது அங்கே அழிந்தால் வேறு காட்டிலிருந்து விதை கொணர இயலாது. நார்மன் மையர்ஸ் என்னும் ஆங்கில அறிஞரும் துணைவரும் 2000-ல் இம்முறையிலேயே உலகத்தை அளந்து, 25 பிரதேசங்களைப் பொறுக்கினர். தனக்கே உரிய 1,500 செடியினங்களேனும் இருக்கவேண்டும். ஆதியிலிருந்த இயற்கைப் பரப்பில் நூற்றுக்கு 70 பங்கேனும் அழிந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. நமது மேற்கு மலைகளும் இலங்கையும் சேர்ந்து அவற்றுள் ஒன்று.

நிற்க. இக்கணக்கை நமது வாயிலில் வைத்துப் பார்ப்போம். நகரத்துக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில், மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு பழங்காடு நிற்கிறது. அத்தகைய காடுகளில் வளரும் வீரை, பாலை, கருங்காலி முதலியன இலங்கையிலும் உண்டு. ஆகவே மரத்தைத் தனித்தனியே எண்ணினால் நம் காடு தோற்றுப்போகும். ஆனால் இம்மரங்கள் கூடி நெருங்கி, கோடையிலும் இலையுதிராது நிற்கும் சேர்க்கை சோழமண்டலக் கரைக்குரியது. சாமிக்கு அஞ்சி ஜனங்கள் விட்டுவைத்த துண்டுகளிலேதான் அது பெரும்பாலும் உயிர் தரித்திருக்கிறது. இதன் நஷ்டமும் ஈடற்றதே. மரவினத்தை எண்ணுவதோடு மரக்கூட்டத்தையும் கணக்கிற் சேர்த்தாலன்றி இம்முறை நமது கரைக்கு நியாயம் செய்யாது என்பது நம் துணிபு. கோயிற்காடுகளில் மண்டபம் எழுப்பவும் வண்டிகள் நிற்கவும் இடங்கேட்டு மனு வரும்போது, அக்காட்டு மரங்களின் ஜாபிதாவை முன்வைத்துக்கொண்டே அதிகாரிகள் அதை விசாரிக்கவேண்டுமென வற்புறுத்துகிறோம்.