சால்மன் மீனுக்கு ஒரு மழைத் தோட்டம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மழை நாளில் எங்கள் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் நீர் தேங்கும். அதில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வானவில் என்று சொல்லி, சிறு வகுப்பில் நாங்கள் குனிந்து வேடிக்கை பார்ப்போம். மணி அடிப்பதுகூடக் காதில் விழாது. அந்த நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று அன்று நான் நினைத்ததில்லை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் பூர்வகுடி மக்களைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

அங்கே பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலின் கரையில் சுக்வாமிஷ் மக்கள் வாழ்கிறார்கள். சியாட்டில் நகரத்துக்குப் பெயர் தந்த தலைவர் சியாட்டிலின் கல்லறை அவர்கள் ஊரில்தான் உள்ளது. அவர் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவர். நோவா என்பது அப்போது அவருக்கு இடப்பட்ட பெயர். 1855-இல் செய்த உடன்படிக்கையில் அம்மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் விடவில்லை. ஆனால் மீனே இல்லாவிட்டால் உரிமையால் என்ன பயன்?

கோஹோ என்னும் சால்மன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஓடைக்கே வரும். நகர ஓடைகளிலோ, இலையுதிர்கால மழை பெய்தவுடன் அவை வயிற்றில் முட்டையோடு செத்து மிதந்தன. சுக்வாமிஷ் மக்களின் குஞ்சு பொரிப்பகத்து மீன்களைக் கொண்டு விஞ்ஞானிகள் சோதனை செய்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். நெடுஞ்சாலையில் வழிந்த மழைநீரில் விட்ட மீன்கள் ஒரு நாளுக்குள் எல்லாம் இறந்தன. அதே நீரை மணல், மக்கிய உரம், மரப்பட்டைத் தூள் வழியாக வடித்து விட்டபோது எல்லா மீன்களும் பிழைத்தன! டயர் தேய்ந்து உதிரும் தூளிலிருந்து உண்டாகும் 6பிபிடி-குவினோன் என்ற இரசாயனமே நஞ்சு என்பது 2020-இல்தான் தெரியவந்தது. அது எண்ணெய்ப் படலம் போலக் கண்ணுக்குத் தெரியாது.

சுக்வாமிஷ் மக்களின் பழைய நீள்வீட்டை 1870-இல் அரசாங்கத்தார் எரித்துவிட்டனர். 2009-இல் அவர்கள் கடற்கரையில் புதிய கூடுமிடம் ஒன்றைத் திறந்தார்கள். சால்மன் விருந்தும் பாட்டும் நடக்கும் இத்தகைய வீட்டின் முற்றத்தில் மழைநீர் எப்படிப் போக வேண்டும்? மழைத் தோட்டம் அதற்கு ஒரு வழி.

மழைத் தோட்டம் என்பது நீர் ஓடி வரும் வழியில் ஓரடிக்கும் குறைவாகப் பள்ளமாக அமைத்த பாத்தி. அடிமண்ணை எடுத்துவிட்டு, மணல் அறுபது பங்கும் மக்கிய உரம் நாற்பது பங்கும் கலந்து நிரப்ப வேண்டும். நீர் இரண்டு நாளுக்குள் இறங்கிவிட வேண்டும். இல்லையேல் கொசு வரும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருந்தால் அஸ்திவாரத்துக்குக் கேடில்லை. பெருமழைக்கு ஏரியின் கலிங்கு போல, கல் பதித்த வழி ஒன்றும் வேண்டும். நடுவில் ஈரம் தாங்கும் கோரை, விளிம்பில் பெரணியும் அந்த மண்ணுக்குரிய புதர்களும் நடலாம்.

கூரை நீருக்கு ஒரு பாத்தி, கார் நிறுத்துமிடத்து நீருக்கு வேறு பாத்தி என்று பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து. பாட்டிமார் கூடை முடையக் கோரை அறுப்பது கூரை நீர்ப் பாத்தியில் மட்டும் இருக்கட்டும். கார் பக்கத்துப் பாத்தி அழகுக்கு அல்ல, மீனுக்கு. இடம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் அதையே முதலில் வெட்ட வேண்டும்.

கோடை முழுவதும் தரையில் படிந்த தூளை முதல் மழை அடித்து வரும். மீன்களும் ஏறக்குறைய அப்போதுதான் ஓடைக்குத் திரும்பும். ஆகவே செப்டம்பரிலேயே வாய்க்கால் வாயில் அடைந்த சருகை அள்ளிவிட்டு, புதிய மரப்பட்டைத் தூளைப் பரப்பிவைக்க வேண்டும்.